ஃப்ளாஷும் ஷட்டரும் ஒத்துப்போக: புதிதாக வெளி ஃப்ளாஷ் வாங்கியவர்களுக்கு

கேமராவின் மேல் ஒரு ஃப்ளாஷை மாட்டிவிட்டால் படம் தானாக நன்றாக வந்துவிடும் என்று நினைத்துத்தான் வாங்குகிறோம். முதல் நாளே முகம் வெளுத்து, பின்னணி கன்னங்கரேலென்று வரும். ஷட்டரைக் கொஞ்சம் வேகமாக்கினால் படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை விழும். மெதுவாக்கினால் ஆளைச் சுற்றி ஆவி மாதிரி ஒரு நிழல் தெரியும். இவற்றுக்கான விடைகள் கேமராவின் கையேட்டில் பாதியும் ஃப்ளாஷின் கையேட்டில் மீதியுமாகக் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்கு நிறையக் காலம் பிடித்தது. உங்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதும் என்ற நம்பிக்கையில் வரிசையாக எழுதுகிறேன்.

வெளி ஃப்ளாஷ் மாட்டக்கூடிய எந்த டிஎஸ்எல்ஆருக்கும் மிரர்லெஸ்ஸுக்கும் இது பொருந்தும். ஃபோனின் எல்ஈடி விளக்கு வேறு சமாச்சாரம், அதற்கு இது உதவாது.

1. கையேடுகளிலிருந்து மூன்று எண்களை எடுத்து வையுங்கள்

கேமரா, ஃப்ளாஷ் இரண்டின் முழுக் கையேட்டையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வரும் மெல்லிய தாள் போதாது. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. கடைசிப் பக்கங்களில் இருக்கும் தொழில்நுட்ப விவரப் பட்டியலைத் திறந்து இந்த மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கேமராவின் சிங்க் ஸ்பீடு, அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம். எக்ஸ் சிங்க் என்றும் போட்டிருப்பார்கள். 1/160, 1/200, 1/250 என்று ஏதோ ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது, ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர். இதில் ஒரு சூது உண்டு. பெட்டியில் பெரிதாக அச்சிடும் எண், ஃப்ளாஷின் தலையை முழுவதும் ஜூம் செய்த நிலையில் அளந்தது. கேனான் 600இஎக்ஸ்-ஆர்டியின் 60 என்ற எண் 200 மிமீ ஜூமில் கிடைப்பது. 35 மிமீ நிலைக்கு வந்தால் எண் நன்றாகவே இறங்கிவிடும். ஆகவே கையேட்டில் ஜூம் வாரியாகப் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

மூன்றாவது, ஃப்ளாஷ் எரியும் நேரம். எல்லாக் கையேடுகளிலும் இது இருக்காது. நிக்கான் தன் எஸ்பி-800க்கு அழகாக அட்டவணையே கொடுத்திருக்கிறது: முழு பவரில் 1/1050 நொடி, 1/16 பவரில் 1/10900 நொடி, 1/128 பவரில் 1/41600 நொடி. இந்த எண்கள் எதற்கு உதவும் என்பது 8ஆம் படியில் வரும்.

பழைய ஃப்ளாஷ் யாராவது சும்மா கொடுத்தால் உடனே மாட்டிவிடாதீர்கள். ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ்கள் சிலவற்றில், ஹாட் ஷூவில் (கேமராவின் மேல் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) பொருந்தும் நடு முனையில் 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கேமராவின் மின்சுற்று அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் அளந்து பார்த்து, கேமராவின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அளக்கத் தெரியாவிட்டால் வேண்டாம். ஃப்ளாஷைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆசையும் வேண்டாம். அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.

2. ஒரே படத்தில் இரண்டு எக்ஸ்போஷர்

இந்த ஒரு படி புரிந்தால் மீதி எல்லாம் சுலபம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஃப்ளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் தனித்தனியாகப் பதிகின்றன. ஒன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்: விளக்கு, ஜன்னல், வானம். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க இது சென்சாரில் விழுந்துகொண்டே இருக்கும். இன்னொன்று ஃப்ளாஷின் வெளிச்சம். அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் பளிச்சென்று வந்து முடிந்துவிடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஷட்டர் 1/30 நொடி திறந்திருந்தாலும் 1/200 நொடி திறந்திருந்தாலும் உள்ளே வரும் ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரே அளவுதான். ஷட்டர் வேகம் சூழல் வெளிச்சத்தை மட்டுமே கூட்டிக் குறைக்கும். ஃப்ளாஷின் பவர் ஃப்ளாஷ் வெளிச்சத்தை மட்டுமே மாற்றும். அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) இரண்டையும் சேர்த்து மாற்றும். முகம் சரியாக இருக்கிறது, பின்னணி மட்டும் இருட்டு என்றால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும். பின்னணி சரி, முகம் வெளுத்துவிட்டது என்றால் ஃப்ளாஷ் பவரைக் குறைக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் பின்னணி இருட்டாக இருப்பதைப் பார்த்து ஃப்ளாஷ் பவரை ஏற்றுகிறார்கள். முகம் இன்னும் வெளுக்கும், பின்னணி அப்படியே கிடக்கும்.

அடுத்தது ஷட்டர் வேலை செய்யும் விதம். பெரும்பாலான கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. முன்திரை விலகி சென்சாரைத் திறக்கும், பின்திரை வந்து மூடும். மெதுவான வேகங்களில் முன்திரை முழுவதும் விலகி, சென்சார் மொத்தமாகத் திறந்து நிற்கும் ஒரு கணம் இருக்கும். ஃப்ளாஷ் அந்தக் கணத்தில்தான் வெடிக்க வேண்டும். வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால், முன்திரை கடைசிவரை போய்ச் சேருமுன்பே பின்திரை கிளம்பிவிடும். அப்போது சென்சார் எந்தக் கணத்திலும் முழுதாகத் திறந்திருக்காது. இரண்டு திரைகளுக்கும் நடுவே ஒரு கீற்று மட்டும் நகர்ந்து போகும். அந்த நேரத்தில் ஃப்ளாஷ் வெடித்தால் பின்திரை மறைத்த பகுதி கறுப்பாகிவிடும். அடியில் விழும் பட்டை இதுதான்.

சென்சார் முழுதாகத் திறந்திருக்கக்கூடிய அதிகபட்ச வேகமே சிங்க் ஸ்பீடு.

3. உங்கள் கேமராவின் உண்மையான சிங்க் ஸ்பீடைச் சோதித்துப் பாருங்கள்

கையேட்டில் எண் இருக்கிறதே, சோதனை எதற்கு என்று கேட்கலாம். அதே நிறுவனத்தின் ஃப்ளாஷை நேராக ஹாட் ஷூவில் மாட்டினால் சோதனை தேவையில்லை. கேமராவே சிங்க் ஸ்பீடுக்கு மேல் போகவிடாது. ரேடியோ ட்ரிகர் (கம்பியில்லாமல் ஃப்ளாஷை வெடிக்க வைக்கும் கருவி) வைத்து ஃப்ளாஷைத் தள்ளி வைக்கும்போதுதான் சிக்கல். ட்ரிகரின் சிக்னல் போய்ச் சேரும் சிறு தாமதத்தால் பின்திரை கிளம்பிவிடலாம். மலிவான ட்ரிகர்களில் இது சகஜம்.

இருட்டான அறையில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவை வையுங்கள். மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப்/8. ட்ரிகரில் ஹை ஸ்பீட் சிங்க் (7ஆம் படியில் வரும்) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷை சுவர் முழுக்கச் சீராக விழும்படி திருப்பி, 1/125, 1/160, 1/200, 1/250, 1/320 என்று வரிசையாக எடுங்கள். எந்த வேகத்தில் அடியில் இருள் ஏறத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி முந்தையதுதான் உங்கள் எல்லை. அதைக் கேமராவின் அடியில் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை. அறையை இருட்டாக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெளிச்சம் இருந்தால் அது பட்டையை நிரப்பி மறைத்துவிடும்.

கேமராவுக்குக் கேமரா இந்த எல்லை மாறும். கேனான் 6டியில் 1/180, நிக்கான் டி850இல் 1/250, சோனி ஏ1இல் 1/400. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசைக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் இதைவிட வெகு வேகமாகவும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும். சோனி ஏ9 III-இல் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் பதிவாகும் குளோபல் ஷட்டர் இருப்பதால் இந்த எல்லைத் தொல்லையே இல்லை.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு: சைலன்ட் ஷட்டர் அல்லது எலக்ட்ரானிக் ஷட்டர் ஆன் ஆகி இருந்தால் பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷ் வெடிக்கவே வெடிக்காது. ஃப்ளாஷ் பழுது என்று நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இந்த ஒரு மெனுவைப் பார்த்துவிடுங்கள்.

4. முதல் படத்தை ஃப்ளாஷ் அணைத்து எடுங்கள்

எந்த இடத்துக்குப் போனாலும் வரிசை இதுதான்: சூழல் வெளிச்சம் முதலில், ஃப்ளாஷ் பிறகு. இரண்டையும் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் எது எதைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கேமராவை மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணையுங்கள். பலரும் விழும் குழி இது. ஆட்டோ ஐஎஸ்ஓ இருந்தால், பின்னணியை இருட்டாக்க நீங்கள் ஷட்டரை வேகமாக்குவீர்கள். கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றி அதைச் சமன் செய்துவிடும். எதைத் திருப்பினாலும் பின்னணி மாறாததற்குக் காரணம் புரியாமல் குழம்பிப்போவீர்கள்.

அப்புறம் ஃப்ளாஷ் இல்லாமல் பின்னணிக்கு மட்டும் ஒரு படம். மாலை நேரக் கூடம் ஒன்றில் ஐஎஸ்ஓ 800, எஃப்/4 வைத்தால் 1/15 நொடியில் அறை இயல்பாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அமைப்பில் 1/30 வைத்தால் அறை ஒரு ஸ்டாப் இருட்டாகும், அதாவது வெளிச்சம் பாதியாகும். 1/60இல் இரண்டு ஸ்டாப். 1/200 வைத்தால் ஏறக்குறைய நான்கு ஸ்டாப், அறை கறுப்பாகிவிடும். வாங்கிய முதல் நாள் படங்கள் கறுப்புப் பின்னணியோடு வருவதற்கு இதுதான் காரணம்.

என் பழக்கம், பின்னணியை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைவாக வைப்பது. விளக்குகளின் நிறம் தெரியும், இடத்தின் சாயலும் இருக்கும், ஆள் தனித்தும் நிற்பார். மேலே சொன்ன கூடத்தில் அது 1/30 முதல் 1/40 வரை வரும். கையில் பிடித்து 1/30இல் எடுத்தால் ஆடிவிடாதா என்றால், பின்னணி கொஞ்சம் ஆடலாம். ஆள் மீது விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதி ஃப்ளாஷிலிருந்து வந்தால் ஆள் கூர்மையாகவே வருவார். ஆனால் அவர் ஜன்னலருகிலோ விளக்கின் நேர் கீழோ நின்றால் சூழல் வெளிச்சமும் அவர் மேல் பலமாக விழும். ஆவி நிழல் வருவது அப்போதுதான். ஆளைச் சற்று நிழலுக்கு நகர்த்துங்கள். அல்லது அவர் மேல் விழும் சூழல் வெளிச்சம் இரண்டு ஸ்டாப்பாவது குறைவாக இருக்கும்படி ஷட்டரை ஏற்றுங்கள்.

அறையில் எல்ஈடி, டியூப்லைட் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் இந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50, 1/100 வைத்தால் பட்டை விழாது. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/125.

மேனுவல் வேண்டாம், அபெர்ச்சர் ப்ரையாரிட்டியிலேயே எடுக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே சூழலில் இரண்டு நிறுவனங்களின் கேமராக்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். கேனான் அந்த மோடில் ஃப்ளாஷைத் துணை வெளிச்சமாக மட்டும் நினைத்து, இருட்டில் ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்துவிடும். நிக்கான், ஸ்லோ சிங்க் போடாதவரை, வழக்கமாக 1/60க்குக் கீழே இறங்காது. இரண்டையும் மெனுவில் மாற்றலாம். மாற்றாமல் போனால் படம் எப்படி வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

ஸ்டுடியோ மாதிரி, சூழல் வெளிச்சமே வேண்டாம் என்று எடுப்பவர்களுக்கு மிரர்லெஸ்ஸில் ஒரு தொல்லை உண்டு. 1/160, எஃப்/8, ஐஎஸ்ஓ 100 வைத்ததும் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், ஆளே தெரியாது. எக்ஸ்போஷர் சிமுலேஷன், லைவ் வியூ எஃபெக்ட், ப்ரிவியூ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இருக்கும் அமைப்பை அணைத்தால் திரை மறுபடி தெளிவாகும்.

5. இப்போது ஃப்ளாஷ்

ஃப்ளாஷை மேனுவலில் 1/16 பவரில் வைத்து ஒரு படம். முகம் இருட்டாக இருந்தால் 1/8, வெளுத்தால் 1/32. ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். ஷட்டரைத் தொடாதீர்கள். பின்னணியைத்தான் ஏற்கெனவே முடித்துவிட்டோமே.

கணக்குப் போட விரும்பினால் கைடு நம்பர் உதவும். அதை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் முழு பவரில் எத்தனை மீட்டர் தூரம் எட்டும் என்று வரும். கைடு நம்பர் 40, எஃப்/8 என்றால் 5 மீட்டர். இது ஐஎஸ்ஓ 100க்கு. ஐஎஸ்ஓ 400 வைத்தால் தூரம் இரண்டு மடங்காகி 10 மீட்டர். கூரையில் மோதித் திரும்ப வைத்தால், ஃப்ளாஷிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து ஆளுக்கும் உள்ள இரண்டு தூரங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கூரை உறிஞ்சுவதற்கும் சிதறுவதற்கும் மேலும் இரண்டு ஸ்டாப் விட்டுவையுங்கள். கூரைக்கு மஞ்சளோ பச்சையோ அடித்திருந்தால் முகத்திலும் அந்த நிறம் ஏறும்.

ஆள் நகர்ந்துகொண்டே இருக்கிறார், தூரம் மாறுகிறது என்றால் டிடிஎல் வசதியானது. ஷட்டர் திறக்குமுன் ஒரு சிறு முன்வெடிப்பை அனுப்பி, திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து பவரைத் தானே முடிவு செய்யும். வெள்ளை உடையைப் பார்த்தால் பவரைக் குறைத்துவிடும், கறுப்பு உடையைப் பார்த்தால் ஏற்றிவிடும். ஃப்ளாஷ் காம்பென்சேஷனில் திருத்திக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்று வரிசையாக எடுக்கும் படங்களுக்கு டிடிஎல் வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு படமும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டு வரும், பிறகு கணினியில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருக்க வேண்டும்.

முன்வெடிப்பால் இரண்டு தொல்லைகள். சிலர் அதைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டுவார்கள், படம் அந்தச் சிமிட்டலில் விழும். ஃப்ளாஷ் எக்ஸ்போஷர் லாக் பொத்தானை அழுத்தி முன்வெடிப்பை முதலிலேயே முடித்துவிட்டால் இது போகும். இரண்டாவது, ஒளியைப் பார்த்து வெடிக்கும் ஆப்டிகல் ஸ்லேவ் ஃப்ளாஷ் வைத்திருந்தால் அது முன்வெடிப்பையே நம்பி வெடித்து, படம் எடுக்கும்போது காலியாக நிற்கும். எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலைகள் உள்ள ஃப்ளாஷில் எஸ்2வை வையுங்கள், அது முன்வெடிப்பைத் தவிர்க்கும்.

நிறமும் கவனிக்க வேண்டியது. ஃப்ளாஷின் ஒளி ஏறக்குறைய 5500 கெல்வின். குண்டு பல்பின் ஒளி 3000க்கு அருகில். ஷட்டரை மெதுவாக்கிப் பின்னணியை உள்ளே விட்டால் ஆள் வெள்ளையாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் வரும். ஃப்ளாஷின் முன் சிடிஓ ஜெல் என்ற ஆரஞ்சு நிறத்தாளை ஒட்டி, ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டனுக்கு மாற்றுங்கள்.

6. முன்திரையில் வெடிக்கட்டுமா, பின்திரையிலா

ஷட்டர் 1/60க்கு மேல் இருக்கும்வரை இந்தக் கேள்வியே வேண்டாம், வித்தியாசம் தெரியாது. 1/15, 1/4, ஒரு நொடி என்று மெதுவாகும்போதுதான் முக்கியமாகிறது.

சாதாரணமாக ஃப்ளாஷ் முன்திரை விலகியவுடன் வெடிக்கும். ஓடும் சைக்கிளை அரை நொடியில் எடுத்தால், முதலில் சைக்கிள் கூர்மையாகப் பதியும். பிறகு அது நகர, விளக்கின் கோடு சைக்கிளுக்கு முன்னால் நீளும். பார்த்தால் சைக்கிள் பின்னோக்கிப் போவதாகத் தோன்றும். ரியர் சிங்க் அல்லது செகண்ட் கர்ட்டன் போட்டால் ஃப்ளாஷ், பின்திரை கிளம்புவதற்குச் சற்று முன் வெடிக்கும். கோடு முதலில் விழுந்து, சைக்கிள் அதன் முனையில் நிற்கும்.

எப்போதும் ரியர் சிங்க்கிலேயே வைத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மெதுவான ஷட்டரில் அது கணிக்கவே முடியாதது. பொத்தானை அழுத்திய கணத்தில் நீங்கள் பார்த்த முகபாவம் அரை நொடி கழித்து இருக்காது. டிடிஎல்லும் சேர்ந்தால் இன்னும் மோசம். முன்வெடிப்பு அழுத்தியவுடன் வரும், எதிரே நிற்பவர் படம் முடிந்துவிட்டது என்று திரும்பிவிடுவார், உண்மையான வெடிப்பு அவர் கழுத்தைப் பிடிக்கும். ஆளை நிறுத்தி எடுப்பதற்கு முன்திரை. ஒரே திசையில் ஓடுவதற்குப் பின்திரை. பல ரேடியோ ட்ரிகர்கள் ரியர் சிங்க்கைக் கண்டுகொள்ளாது என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வெயிலில் எடுக்கும்போது

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்தால் ஷட்டர் 1/100 வரும். இதிலிருந்து கணக்கு எளிது: எஃப்/11க்கு 1/200, எஃப்/8க்கு 1/400, எஃப்/4க்கு 1/1600, எஃப்/2.8க்கு 1/3200. சிங்க் ஸ்பீடு 1/200 என்றால் எஃப்/11க்குக் கீழே திறக்க வழியில்லை. எஃப்/11இல் 3 மீட்டர் தூரத்தில் நிற்பவரை நிரப்ப 33 கைடு நம்பர் வேண்டும். நடுவே ஒரு சாஃப்ட்பாக்ஸை வைத்தால் சின்ன ஃப்ளாஷ் திணறும்.

பின்னணி மங்கலாக வேண்டும், எஃப்/2.8 வேண்டும் என்றால் இரண்டு வழிகள்.

ஒன்று ஹை ஸ்பீட் சிங்க். சில கேமராக்களில் ஆட்டோ எஃப்பி என்ற பெயரில் இருக்கும். திரைகளின் கீற்று சென்சாரைக் கடந்து போகும் நேரம் முழுக்க ஃப்ளாஷ் விட்டு விட்டு மிக வேகமாக மினுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விடுவது மாதிரி. பட்டை விழாது. ஆனால் இந்த மோடுக்குள் நுழைந்தவுடனே ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் பவர் போய்விடும். அதோடு 2ஆம் படியில் சொன்ன விதியும் இங்கே செல்லாது. ஷட்டரை ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஃப்ளாஷ் வெளிச்சமும் பாதியாகக் குறையும். பேட்டரி சீக்கிரம் தீரும், ஃப்ளாஷின் தலை சூடாகும், தொடர்ந்து அடித்தால் தானே நின்றுவிடும்.

இரண்டாவது, லென்ஸுக்கு முன்னால் ஒரு என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. மூன்று ஸ்டாப் ஃபில்டர் போட்டால் எஃப்/11க்குப் பதில் எஃப்/4இல் 1/200 வைக்கலாம். ஃபில்டர் ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் குறைக்கும், அபெர்ச்சரைத் திறந்ததால் அது திரும்பக் கிடைத்துவிடும். பவர் நஷ்டம் இல்லை. வ்யூஃபைண்டர் இருட்டாகி ஃபோகஸ் திணறுவதுதான் குறை. கையில் ஒரே ஒரு சின்ன ஃப்ளாஷ் இருப்பவருக்கு நான் ஃபில்டரைத்தான் சொல்வேன்.

8. அசைவை உறைய வைக்க

தண்ணீர்த் துளி தெறிப்பதை எடுக்க 1/4000 ஷட்டர் வேண்டும் என்று எண்ணி ஹை ஸ்பீட் சிங்க் போடுபவர்கள் உண்டு. தேவையில்லை. இருட்டில் 1/200 ஷட்டரே போதும், உறைய வைக்கும் வேலையை ஃப்ளாஷ் பார்த்துக்கொள்ளும். முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, அது முழுக் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃப்ளாஷை 1/16 அல்லது 1/32 பவரில் வைத்து அருகே கொண்டுபோங்கள். முதல் படியில் குறித்த அட்டவணை இதற்குத்தான். எஸ்பி-800 மாதிரி ஒன்றில் 1/16 பவர் என்றால் வெளிச்சம் 1/10900 நொடியில் முடிந்துவிடுகிறது. பவரைக் குறைத்தால் எரியும் நேரமும் குறையும்.

பெரிய ஸ்டுடியோ ஃப்ளாஷ்களில் இது தலைகீழாக இருக்கலாம். வெளிச்சத்தைப் பாதியிலேயே வெட்டிப் பவரைக் குறைக்கும் ஐஜிபிடி வகை என்றால் சின்ன ஃப்ளாஷ் போலவே நடக்கும். வோல்டேஜைக் குறைத்துப் பவரைக் குறைக்கும் பழைய வகைகளில் பவர் இறங்க இறங்க எரியும் நேரம் நீளும். விவரப் பட்டியலில் டி.5 என்று போட்டிருக்கும் நேரத்தை நம்பிவிடாதீர்கள். வெளிச்சம் உச்சத்தில் பாதிக்கு மேல் இருந்த நேரம் மட்டும் அது. டி.1 என்ற எண்தான் படத்தில் தெரியும் மங்கலுக்கு நெருக்கமானது, வழக்கமாக அது டி.5ஐப் போல் மூன்று மடங்கு நீளமாக இருக்கும்.

9. எதில் பணம் போடுவது, எதில் கூடாது

முதல் செலவு பேட்டரியில். சின்ன ஃப்ளாஷுக்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இரண்டு செட் வாங்குங்கள். சாதாரண அல்கலைன் செல்களில் முழு பவருக்குப் பிறகு மீண்டும் தயாராக நேரம் இழுக்கும், போகப் போக இன்னும் இழுக்கும். செட்டைக் கலக்காதீர்கள். ஒரு பலவீனமான செல் மற்ற மூன்றையும் கெடுக்கும். நிறைய எடுப்பவர் என்றால் லித்தியம் பேட்டரியோடு வரும் ஃப்ளாஷே நல்லது. கோடாக்ஸ் வி860 II முழு பவரிலும் ஒன்றரை நொடியில் தயாராகும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்கிறார்.

ஃப்ளாஷ் தயாராகுமுன் அடுத்த படத்தை அழுத்தினால் பாதி வெளிச்சத்தோடு வெடிக்கும், அல்லது வெடிக்கவே வெடிக்காது. தயார் விளக்கு எரிந்த பிறகும் ஒரு கணம் பொறுங்கள். சில மலிவு ஃப்ளாஷ்களில் முழுதாக நிரம்புமுன்பே அந்த விளக்கு எரிந்துவிடுகிறது.

அடுத்து ட்ரிகர். ஃப்ளாஷைக் கேமராவின் தலையிலிருந்து இறக்கி ஒரு பக்கமாக வைத்தாலே படத்தின் தரம் ஒரு படி ஏறும். உங்கள் கேமரா நிறுவனத்துக்கென்றே செய்த பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். நடு முனை பெரும்பாலான கேமராக்களுக்குப் பொதுவாக இருந்தாலும், டிடிஎல்லுக்கும் ஹை ஸ்பீட் சிங்க்குக்கும் வேண்டிய மற்ற முனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேனானுக்கான ட்ரிகரை நிக்கானில் மாட்டினால் வெடிக்கக்கூடும், வேறெதுவும் நடக்காது.

ஃப்ளாஷின் தலையில் கவிழ்க்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு அவசரமில்லை. வெளியில் அதை மாட்டினால் வெளிச்சம் நாலாபுறமும் போய் வீணாகும், வேறு பலன் இல்லை.

10. கிளம்புமுன் அமைப்புகளைச் சேமித்து வையுங்கள்

கேமராவின் டயலில் சி1, சி2 அல்லது யூ1, யூ2 என்று இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்றில் உள்ளறை: மேனுவல், 1/40, எஃப்/4, ஐஎஸ்ஓ 800, முன்திரை. மற்றொன்றில் வெயில்: மேனுவல், உங்கள் சிங்க் ஸ்பீடு, எஃப்/11, ஐஎஸ்ஓ 100. இரண்டிலும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சைலன்ட் ஷட்டரும் அணைந்திருக்கட்டும்.

எடுத்த படம் ஏன் அப்படி வந்தது என்று தெரியாவிட்டால் எக்ஸிஃப் தகவலைப் பாருங்கள். ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃப்ளாஷ் வெடித்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ட்ரிகரில் வைத்த மேனுவல் பவர் மட்டும் பெரும்பாலும் பதிவாகாது, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல மாதம் தொடாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் செல்களைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் முனைகள் அரித்துப்போகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சில தடவை வெடிக்கவிடுங்கள். சும்மாவே கிடந்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சோம்பிப்போய், அடுத்த முறை தயாராக வழக்கத்தைவிட நேரம் எடுக்கும்.